உருவின்றி நிற்கும் உருபு

'நாகூர் தர்கா' என்றே இன்று பெரும்பாலும் எழுதுகிறோம். இலக்கணமோ 'நாகூர்த் தர்கா' என எழுதச் சொல்லும். இடையே மிகும் தகர ஒற்று வெறும் அலங்காரமன்று. 'நாகூரில் உள்ள தர்கா' என்பதில் ஏழாம் வேற்றுமை உருபும் 'உள்ள' என்னும் சொல்லும் தொக்கபின், அவை மறைந்தமைக்குச் சான்றாக அவ்வொற்று நிற்கிறது. மறைந்து நிற்பதும் பொருள் தரும் என்பது தொல்காப்பியம் முதலாக நம் இலக்கணிகள் கண்ட உண்மையாகும். ஆப்பிரிக்கத் தொனி மொழிகளை அறிய விழையும் தமிழ் மாணவருக்கு இதுவே தக்க நுழைவாயில்.

மாலி நாட்டில் வழங்கும் பம்பாரா மொழியில் 'பா' என்பது ஆறு. 'தே' என்பது எதிர்மறைச் சொல். இரண்டும் உயர்தொனி உடையவை. அவற்றை ஒரே உயரத்தில் ஒலித்தால் 'அது ஓர் ஆறன்று' என்பது பொருள். 'தே' ஒரு படி தாழ்ந்தால் 'அது அந்த ஆறன்று' எனப் பொருள் மாறும். இரு சொற்களுக்கும் இடையே ஒரு தாழ்தொனி உண்டு. அதைத் தாங்க உயிரெழுத்தும் இல்லை, மெய்யெழுத்தும் இல்லை. தான் ஒலியாமல் அடுத்த தொனியைத் தாழ்த்துவதே அதன் செயல். இதனை மொழியியலார் 'மிதக்கும் தொனி' என்பர். நைஜீரியாவின் இக்போ மொழியில் 'அக்பா' (தாடை), 'எங்வே' (குரங்கு) ஆகிய இரண்டும் தாழ்தொனிச் சொற்கள். 'குரங்கின் தாடை' எனச் சேர்க்குங்கால் 'அக்பா'வின் ஈற்றசை உயர்ந்து ஒலிக்கும். ஆறாம் வேற்றுமைப் பொருளை உணர்த்துவது அவ்வுயர்தொனி ஒன்றே.

ஆப்பிரிக்க மொழிகளை ஆய்ந்தோர் இத்தகைய தொனிகளை முன்னரே கண்டிருந்தனர். எனினும், தொனியை அசையினின்று பிரித்துத் தனி அடுக்காகக் கொள்ளும் கோட்பாட்டை ஜான் கோல்ட்ஸ்மித் 1976இல் வகுத்தபோதே அவை தெளிவான விளக்கம் பெற்றன.

ஆயினும், நம் தொகையையும் இத்தொனியையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. தமிழில் தொக்க உருபை விரித்துக் காட்டலாம். பம்பாராவில் விரிப்பதற்கு வேறு உருபில்லை, தொனியே உருபு. தமிழில் எல்லாத் தொகையும் சுவடு வைப்பதுமில்லை. 'தயிர் கடைந்தாள்' என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு சுவடின்றியே மறைகிறது.

இவ்வேறுபாடு திருமறை மொழிபெயர்ப்பைத் தொடுகிறது. ரோம எழுத்தில் பம்பாராவை எழுதுவோர் தொனியைப் பெரும்பாலும் குறிப்பதில்லை. 'ஓர் ஆறு', 'அந்த ஆறு' என்பவற்றுள் எதுவென்பதை வாசிப்பவரே இடம் நோக்கித் தெளிய வேண்டும். தாய்மொழியாளர் பெரும்பாலும் தெளிவர் என்பதும், குறிகள் மிகுந்தால் பக்கம் நெருக்குண்டு வாசிப்புத் தடைப்படும் என்பதும் மறுப்போர் கூறும் நியாயங்கள். அவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆனால் 1949இல் சொலொமானா காந்தே மாண்டிங் மொழிகளுக்கென வகுத்த என்கோ எழுத்து தொனிக்கும் குறிகள் கொண்டது. அம்மொழிக் குடும்பத்தைத் தாய்மொழியாகப் பேசியவர் தொனியை விட்டுவிடத்தக்க இசையாகக் கருதவில்லை என்பதற்கு இதுவே சான்று. சொல்லைச் சொல்லினின்று பிரிக்கும் தொனி அனைத்தையும் குறிக்க இயலாவிடினும், இலக்கணப் பொருள் தாங்கும் தொனியையேனும், ஐயம் எழும் இடங்களில் குறிப்பது மொழிபெயர்ப்பாளர் கடன் என்பதே நம் துணிபு.

சபையில் வாசிக்கப்படும் நூல் செவிக்கு உரியது. செவி அறியும் வேறுபாட்டை ஏடு மறைக்குமாயின், அயலார் ஒருவர் அதை வாசிக்கும்போது கேட்போர் வேறொரு வாக்கியத்தைக் கேட்பர்.