கிளவுட்: எதை அனுப்புவது, எதை வைத்துக்கொள்வது

“இனி எல்லாம் கிளவுடில்தான்” என்று இயக்குநர் குழு ஒரே தீர்மானத்தில் முடிவெடுப்பது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வணிக உலகின் வழக்கமாகிவிட்டது. சொந்தமாக சர்வர் வாங்காமல், வேறொரு நிறுவனத்தின் சர்வர்களை இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் இந்த முடிவுக்கு ‘கிளவுட் ஃபர்ஸ்ட்’ என்று பெயர். வங்கி, மருத்துவமனை, ஜவுளிக்கடை, பனியன் ஏற்றுமதி நிறுவனம் என்று யாரும் இதற்கு விலக்கில்லை. இந்தக் கொள்கைக்கு வலுவான நியாயங்கள் உண்டு. ஆனால், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக யோசித்து எடுக்க வேண்டிய முடிவை ஒரே கையெழுத்தில் முடித்துவிடும் அவசரமும் அதில் ஒளிந்திருக்கிறது. தலைவர்கள் இடறுவது பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான்.

கிளவுடை ஆதரிப்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது நெட்ஃபிளிக்ஸை. 2008 ஆகஸ்டில் அதன் டேட்டாபேஸ் பழுதாகி, மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அந்த அடிக்குப் பிறகு அமேசானின் ஏடபிள்யூஎஸ்ஸுக்கு மாறத் தொடங்கி, 2016 ஜனவரியில்தான் முடித்தார்கள். ஏழு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது ஏன்? பழைய மென்பொருளை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் வைக்காமல், சிறுசிறு சேவைகளாகப் பிரித்துப் புதிதாக எழுதினார்கள். இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. நாம் திரையில் பார்க்கும் படம் அமேசானிலிருந்து வருவதில்லை. ‘ஓப்பன் கனெக்ட்’ என்ற பெயரில் நெட்ஃபிளிக்ஸ் தானே வடிவமைத்த சர்வர் பெட்டிகளை உலகெங்கும் உள்ள இணையச் சேவை நிறுவனங்களிடம் வைத்திருக்கிறது; படம் அங்கிருந்துதான் ஓடுகிறது. கணக்கு, பரிந்துரை, தேடல் எல்லாம் வாடகை இடத்தில். அன்றாடம் மலைபோல் குவியும், முன்கூட்டியே கணிக்கக்கூடிய வீடியோ வேலை சொந்தப் பெட்டியில். கிளவுடின் முன்னோடி என்று கொண்டாடப்படும் நிறுவனமே தன் பாரமான வேலையைத் தன் கையில் வைத்திருக்கிறது. மாநாட்டு மேடைகளில் இந்தப் பாதிக் கதை பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

கிளவுடின் உண்மையான பலம் எங்கே இருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதியில் நியூசிலாந்தின் ரன் இலக்கை இந்தியா துரத்தியபோது, ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோனி ரன் அவுட் ஆனதும் கூட்டம் மளமளவென்று கரைந்தது. பார்ப்பதை நிறுத்தியவர்கள் ‘பேக்’ பொத்தானை அழுத்தினால் எல்லோரும் முகப்புப் பக்கத்தில் வந்து விழுவார்கள். வீடியோவின் சுமை குறையும் அதே நொடியில் முகப்பின் சுமை எகிறும் என்று அதன் பொறியாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். ஆண்டில் சில மாலைகளுக்கு மட்டும் தேவைப்படும் இத்தனை சர்வர்களை விலைக்கு வாங்கிப் போட்டால் எந்த நிறுவனமும் தாங்காது. ஏடபிள்யூஎஸ்ஸில் வாடகைக்கு எடுத்து, ஆட்டம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க முடிந்ததால்தான் அந்த மாலை சாத்தியமானது. அப்போதும் ‘தானாகவே விரிந்துகொள்ளும்’ என்று சும்மா இருந்துவிடவில்லை. எத்தனை பேர் வருவார்கள் என்று முன்பே கணித்து, சர்வர்களை ஆட்டத்துக்கு முன்னரே தயாராக ஓடவிட்டார்கள்.

புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கும் இது பெரிய வரம். 2006இல் அமேசான் தன் சேமிப்புச் சேவையையும் சர்வர் வாடகையையும் அடுத்தடுத்துத் திறந்துவிட்டதற்கு முன், ஒரு இணையத் தொழிலுக்கு சர்வர் வாங்கவே பெரும் முதல் தேவைப்பட்டது. இன்று ஒரு கடன் அட்டையோடு தொடங்கலாம். தொழில் எடுபடாவிட்டால் மாதக் கடைசியில் மூடிவிட்டுப் போகலாம். தோற்பதற்கு ஆகும் செலவு குறைந்ததால் முயன்று பார்ப்பவர்கள் பெருகினார்கள். இதை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

சிக்கல், தொழில் நிலைபெற்ற பிறகு தொடங்குகிறது. நிறுவனத் தலைவர் ஒருவர் ஒரு முறையாவது மாதாந்திர கிளவுட் பில்லை வரிவரியாகப் படிக்க வேண்டும் என்பேன். சர்வரை நீக்கிய பிறகும் நீக்கப்படாமல் கிடக்கும் டிஸ்க்குகள் அதில் இருக்கும். எப்போதோ எடுத்து, யாரும் திறந்து பார்க்காத பேக்கப்புகள் இருக்கும். சோதனைக்காக டெவலப்பர்கள் எழுப்பிய சர்வர்கள் இரவும் ஞாயிறும் ஓடிக்கொண்டிருக்கும். வாரத்தில் 168 மணி நேரம். வாரம் ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை என்றால் 50 மணி நேரம்தான் அந்த சர்வருக்கு வேலை. மீதி 118 மணி நேரமும் வாடகை வீண். பிறகு, தரவை வெளியே எடுக்கும் கட்டணம். உள்ளே அனுப்பக் காசு வாங்குவதில்லை. வெளியே எடுக்க, ஏடபிள்யூஎஸ்ஸின் அமெரிக்க மையங்களில் முதல் 100 ஜிபிக்குப் பிறகு ஜிபிக்கு சுமார் 9 சென்ட் என்பது வெகுகாலமாக இருக்கும் விலை. விலைப்பட்டியல் டாலரில் இருப்பதால், ரூபாய் சரியும்போதெல்லாம் ஒன்றும் செய்யாமலே நம் செலவு ஏறுகிறது.

பழைய மென்பொருளை மாற்றாமல் அப்படியே கிளவுடுக்கு ஏற்றுவதை ‘லிஃப்ட் அண்ட் ஷிஃப்ட்’ என்பார்கள். கிளவுட் ஃபர்ஸ்ட் தீர்மானங்கள் பல நடைமுறையில் இப்படித்தான் முடிகின்றன. நெட்ஃபிளிக்ஸின் ஏழாண்டுப் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் ஒரே சீராக ஓடும் இஆர்பி சர்வரை மணிக்கணக்கு வாடகையில் வைப்பது, ஒரு நாள் கல்யாணத்துக்கு எடுத்த பந்தலில் குடும்பம் நடத்துவதைப் போன்றது.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து வெளியே வந்தவர்கள் இருக்கிறார்கள். பேஸ்கேம்ப், ஹே ஆகிய சேவைகளை நடத்தும் 37சிக்னல்ஸ் நிறுவனத்தின் டேவிட் ஹைன்மயர் ஹான்சன், கிளவுடை விட்டு வெளியேறுவதாக 2022 அக்டோபரில் அறிவித்தார். அந்த ஆண்டு அவர்களின் கிளவுட் செலவு சுமார் 32 லட்சம் டாலர். சுமார் 7 லட்சம் டாலருக்கு டெல் சர்வர்கள் வாங்கி, 2023 நடுவில் செயலிகளை மாற்றி முடித்தார்கள். இதற்கென்று தொழில்நுட்பக் குழுவைப் பெருக்கவில்லை. 2024இல் கிளவுட் பில் 13 லட்சம் டாலராக இறங்கியிருந்தது. அதற்கு முன்பே டிராப்பாக்ஸ் தன் சேமிப்பைச் சொந்தக் கட்டமைப்புக்கு மாற்றி, இரண்டே ஆண்டுகளில் இயக்கச் செலவில் சுமார் 7.5 கோடி டாலர் குறைத்ததாக 2018இல் பங்குச் சந்தை ஆவணத்தில் காட்டியது. நம் சோஹோ எப்போதுமே தன் சேவைகளைச் சொந்த டேட்டா சென்டர்களில் நடத்திவருகிறது.

இந்தக் கதைகளைக் கேட்டதும் சர்வர் வாங்க ஓடுவதும் அதே அவசரம்தான். 37சிக்னல்ஸிடம் பல ஆண்டுப் பழக்கமுள்ள பொறியாளர்கள் இருந்தார்கள்; சுமையும் சீரானது. அவர்கள் கட்டடம் கட்டவில்லை, வேறொருவரின் டேட்டா சென்டரில் இடம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டே ஐடி ஆட்கள் உள்ள ஒரு நடுத்தர நிறுவனம் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையில் ஏசியும் யுபிஎஸ்ஸும் வைத்து இதைச் செய்யப்போனால், மிச்சமாகும் பணத்தைவிட இழக்கும் தூக்கம் அதிகம். சொந்த இடம் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்குத் தென்கொரியா சாட்சி. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரில் அரசின் சொந்த டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்களின் கோப்புகளைச் சேமித்த ‘ஜி-டிரைவ்’ முழுவதும் அழிந்தது. 858 டெராபைட். வேறு எங்கும் அதற்குப் பிரதி இல்லை.

வாடகை இடத்திலும் விபத்து நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஓய்வூதிய நிதி நிறுவனமான யூனிசூப்பருக்கு ஆறு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள். 2024 மே மாதத் தொடக்கத்தில் கூகுள் கிளவுடில் இருந்த அதன் தனி அமைப்பு நீக்கப்பட்டுவிட்டது. யாரும் ஊடுருவவில்லை. அந்த அமைப்பை உருவாக்கியபோது கூகுளின் உள்கருவி ஒன்றில் ஒரு விவரம் நிரப்பப்படாமல் விடப்பட்டிருந்தது. அதனால் ஓராண்டு கெடு தானாகவே விழுந்து, கெடு முடிந்ததும் எல்லாம் நீங்கியது. உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கும் மேலாகத் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. நீக்கப்பட்ட அமைப்புக்கு வெளியே தனியாகப் பிரதிகள் இருந்ததால்தான் நிறுவனம் மீண்டது. அந்தப் பிரதிகளுக்குச் செலவு செய்ய முன்பே ஒப்புக்கொண்ட அதிகாரிகளைத்தான் நான் மெச்சுகிறேன்.

பூட்டு யாருடையது என்ற குழப்பமும் உண்டு. கிளவுடில் தரவை வைத்திருந்த கேபிடல் ஒன் வங்கியில் 2019இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 கோடிப் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. வங்கியின் ஃபயர்வால் தவறாக அமைக்கப்பட்டிருந்தது. அதற்குத் தேவைக்கு மேல் அனுமதியும் கொடுக்கப்பட்டிருந்தது. கிளவுட் நிறுவனம் கட்டடத்தைக் காக்கும். அறைச்சாவி வாடிக்கையாளர் பொறுப்பு. அபராதமாக 8 கோடி டாலர் கட்டியது வங்கிதான்.

இந்தியத் தலைவர்கள் மறக்கக் கூடாதது நயாரா எனர்ஜி விவகாரம். ரஷ்யாவின் ராஸ்நெஃப்டுக்குப் பங்கு இருப்பதால், 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது தடை விதித்தது. குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் இந்திய நிறுவனம் இது. முழு உரிமக் கட்டணம் செலுத்தியிருந்தது. இருந்தும் மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல், டீம்ஸ் சேவைகளை நிறுத்தியது. நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சேவை திரும்பியது. இந்தியச் சட்டத்தில் எந்தத் தவறும் செய்யாத நிறுவனம், வேறொரு நிலப்பரப்பின் முடிவால் தன் கடிதங்களையே திறக்க முடியாமல் நின்றது. டேட்டா சென்டர் மும்பையிலோ ஹைதராபாதிலோ சென்னையிலோ இருந்தாலும் சாவி யாரிடம் என்ற கேள்வி தீர்வதில்லை.

ஆகவே, என் கணிப்பில், கிளவுட் ஃபர்ஸ்ட் என்பது தொடங்கும் நிறுவனத்துக்கு நல்ல கொள்கை, வளர்ந்த நிறுவனத்துக்குப் போதாத கொள்கை. சுமை ஏறி இறங்கும் வேலை, இன்னும் உறுதிப்படாத புதிய முயற்சி, தொலைதூரப் பேக்கப் ஆகியவை கிளவுடில் இருக்கட்டும். ஆண்டு முழுவதும் சீராக ஓடும் வேலைக்கு மூன்று அல்லது ஐந்தாண்டுக் கணக்கை இரண்டு வழியிலும் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் ஆள் சம்பளமும் மின்சாரமும் சேர வேண்டும். இழந்தால் தொழிலே நின்றுபோகக்கூடிய தரவுக்கு, அது எங்கே இருந்தாலும் சரி, அதை வைத்திருக்கும் நிறுவனத்தின் கை எட்டாத இடத்தில் இன்னொரு பிரதி வேண்டும்.

வெளியேறும் வழியை ஒப்பந்தத்தோடு சேர்த்தே யோசிக்கச் சொல்லும் பொறுப்பைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. ஐடி சேவைகளை வெளியே ஒப்படைக்கும் வங்கிகளிடம் வெளியேறும் திட்டம் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 ஜனவரி 12 முதல், ஒரு கிளவுடிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வாடிக்கையாளரிடம் மாறுவதற்கான கட்டணம் வாங்க முடியாது. இப்படி விதி இல்லாத தொழில்களில் இருப்பவர்கள் தாங்களாகவே கேட்க வேண்டும். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது, உங்கள் ஐடி தலைவரிடம் இரண்டே தாள்கள் கேளுங்கள்: இங்கிருந்து முழுவதுமாக வெளியேற எத்தனை மாதம், எவ்வளவு பணம் ஆகும் என்பது ஒன்று, பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தோம் என்பது இன்னொன்று. அவை கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.