வல்லாளனின் முடிவும் ஒரு காழியின் சாட்சியமும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கோபுரங்களுள் ஒன்று வல்லாள மகாராசன் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒய்சள வேந்தன் மூன்றாம் வீர வல்லாளன் இவ்வூரைத் தன் தலைநகர்களுள் ஒன்றாகக் கொண்டு ஆண்டவன். அவனது இறுதி நாட்களைப் பற்றிய விரிவான குறிப்பு நமக்கு அரபு மொழியில் கிடைக்கிறது. தன்ஜா நகரத்து இப்னு பதூதா சொல்ல, இப்னு ஜுஸை எழுதி, 1355இல் நிறைவுற்ற ‘ரிஹ்லா’வின் மஃபர் அத்தியாயமே அது. நம் மதரஸாக்களில் இந்நூலின் மக்கா, டில்லி வருணனைகள் எடுத்துக்காட்டப்படும் அளவுக்கு இவ்வத்தியாயம் எடுத்துக்காட்டப்படுவதில்லை. பிறர் இதனை நம்மீது வீசும் கல்லாகப் பயன்படுத்துவர். நாமோ கேளாதவர் போல் கடந்து செல்வோம். இரண்டும் நூலுக்குச் செய்யும் நீதியன்று.

1344ஆம் ஆண்டளவில் மாலைத்தீவினின்றும் இலங்கை வழியாக வந்து, கப்பல் உடைந்து மஃபர் கரையில் ஒதுங்கிய இப்னு பதூதாவை மதுரை சுல்தான் கியாதுத்தீன் தாமகானி வரவேற்றார். இருவரும் உறவினர்; ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள்மார் இருவரை மணந்த சகலர்கள். ஆகவே இது பகைவனின் பழிச்சொல் அன்று. உப்பிட்டவரைப் பற்றி உறவினர் ஒருவர் அளித்த வாக்குமூலம்.

அவர் கூறும் வரலாறு இது. 1342–43ஆம் ஆண்டளவில் வல்லாளன் பெரும்படையுடன் கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டான். அப்படையில் முஸ்லிம்கள் மட்டும் இருபதாயிரம் பேர் என்கிறார் நூலாசிரியர். எண்ணிக்கை எவ்வாறாயினும், அப்போரை இரு சமயங்களின் போராக மட்டும் காண்போர் இவ்வரியை மறத்தல் கூடாது. கோட்டையுள் உணவு அருகியபோது, உயிருக்கு அபயம் தருவதாக வல்லாளன் கூறினான். சுல்தானிடம் கேட்டுச் சொல்கிறோம் என்று அவர்கள் வேண்ட, பதினான்கு நாள் போர்நிறுத்தமும் அளித்தான். அவ்விடைவெளியிலேயே மதுரைப்படை நண்பகல் வேளையில் பாய்ந்தது. எண்பது வயதான வேந்தன் பிடிபட்டான். விடுதலை செய்வதாக ஆசை காட்டி அவனுடைய பொருளையும் யானை குதிரைகளையும் பெற்றுக்கொண்ட தாமகானி, பின்னர் அவனைக் கொன்று தோலுரித்து, வைக்கோல் பொதிந்து மதுரை மதிலில் தொங்கவிட்டார். அதனைத் தம் கண்ணால் கண்டதாக இப்னு பதூதா எழுதுகிறார்.

இதனை எந்தச் சட்டத்தின் தராசில் நிறுப்பது? வெளியிலிருந்து ஓர் அளவுகோலைத் தேட வேண்டியதில்லை. உடன்படிக்கையை நிறைவேற்றுமாறு குர்ஆன் கட்டளையிடுகிறது. பிணத்தைச் சிதைக்கும் ‘முத்லா’வை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். போரில் பெண்டிரையும் சிறாரையும் கொல்வதும் அவ்வாறே தடுக்கப்பட்டது. ஃபிக்ஹின் தொடக்க நூல்களைக் கற்கும் மாணவனும் அறிந்த விதிகள் இவை. சுல்தானின் அவையில் இவற்றை அறிந்தவர் இல்லாமலும் இல்லை.

அத்தியாயத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஒருநாள் விருந்தில் சுல்தானுக்கு வலப்புறம் மதுரைக் காழி, இடப்புறம் நம் நூலாசிரியர். அப்போது ஒரு கைதியும் அவன் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டு, அங்கேயே வெட்டப்பட்டனர். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறிதொரு நாள் மற்றொரு கைதியை நோக்கிக் கத்திகள் உருவப்பட்டபோது அவர் விரைந்து எழுந்தார். எங்கே செல்கிறீர் என்று சுல்தான் வினவ, அஸர் தொழச் செல்வதாகக் கூறினார். காரணத்தைப் புரிந்துகொண்ட சுல்தான் சிரித்தார். டில்லியிலும் மாலைத்தீவிலும் நீதி வழங்கிய ஒரு காழிக்குத் தொழுகை அன்று வெளியேறும் வாயிலாக மட்டுமே பயன்பட்டது. அச்சிரிப்பில் அதிகாரம் கல்வியை எவ்வளவு மலிவாக மதிப்பிட்டது என்பது தெரிகிறது.

இத்தகைய கொடுமையை வேறு எம்மன்னரிடமும் தாம் கண்டதில்லை என்றும், இதன் பொருட்டே அல்லாஹ் தாமகானியின் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் நூலாசிரியர் தீர்ப்பளிக்கிறார். தீர்ப்பு சரியானதே. ஆயின் அது சொல்லப்பட்ட இடம் ஃபாஸ் நகரம். காலம், சுல்தான் மாண்டு பல்லாண்டுகள் கழிந்தபின். அதே சுல்தானை மாலைத்தீவின்மீது படையெடுக்கத் தூண்டியவரும் தாமே என்பதை அவர் மறைக்கவில்லை. கொடுமையை அருவருத்த மனத்திலேயே, அக்கொடியவனின் வாளைத் தம் பெருமைக்குக் கடன் கேட்கும் ஆசையும் குடியிருந்தது.

எனினும் அவரைக் கோழை என ஒரே சொல்லில் தள்ளுதல் எளிது. டில்லியில் ஷைகு ஷிஹாபுத்தீன், முஹம்மது பின் துக்ளக்கைக் கொடுங்கோலன் என முகத்துக்கு நேரே கூறிச் சித்திரவதைக்குள்ளாகித் தலையிழந்ததையும், அந்த ஷைகைச் சந்தித்த குற்றத்திற்காகத் தாம் காவலில் வைக்கப்பட்டதையும் இதே நூல் சொல்கிறது. மதுரையில் அவர் காட்டிய மௌனம் டில்லியில் கற்ற பாடம். நூலின் பெருமை, ஷைகின் துணிவையும் தம் மௌனத்தையும் ஒருசேர நம்முன் வைத்துவிட்டதில் உள்ளது.

மறுபக்கத்தில் திருவண்ணாமலையின் நினைவு வேறு வடிவம் கொண்டது. சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வல்லாளன் பிள்ளையில்லாப் பக்தன். இறைவனே அவனுக்கு மகனாகிறான். ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் அருணாசலேசுவரர் அவனுக்குத் திதி கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. 1311இல் மாலிக் காபூருக்குப் பணிந்து, தெற்கு நோக்கிய அவர் படைக்குத் துணைநின்ற அரசியல்வாதி வல்லாளனைப் புராணம் மறந்துவிட்டது. ஆனால் அவனது செருக்கை ஊர் மறக்கவில்லை. தான் எழுப்பிய கோபுரம் என்று அவன் இறுமாந்ததால் உற்சவமூர்த்தி அவ்வழியே வர மறுத்ததாகவும், அவன் கலங்கி அழுத பின்னரே பத்தாம் நாள் வந்ததாகவும் மக்கள் கதை சொல்வர். அக்கதையின் இறையியல் நம்முடையதன்று. அதன் அறம் நமக்கு அந்நியமும் அன்று.

மதுரையில் கொள்ளைநோய் புகுந்தது; தாமகானியின் குடும்பத்தாரும் நோயுற்றனர்; அவரும் மாண்டார். அச்சுல்தானகம் அந்நூற்றாண்டு முடியும்வரைகூட நீடிக்கவில்லை. மதிலில் தொங்கவிடப்பட்டவனுக்கோ ஆண்டுதோறும் திதி நடக்கிறது. எதிரியின் பெயரை அழிக்க எண்ணிய ஆணவம் தன் பெயருக்கே களங்கத்தைத் தேடிக்கொண்டது.

இவ்வத்தியாயத்தை நம் அரபுக் கல்லூரிகள் மறைக்காமல் பாடமாக்க வேண்டும் என்பதே எமது கருத்து. தாமகானிக்கு வக்காலத்து வாங்குவது நம் கடமையன்று. அவரைக் கண்டித்து முதலில் எழுதியவரும் நம்மவரே. மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டியது அந்த விருந்தில் காழி அமர்ந்திருந்த இருக்கையை. சட்டம் அறிந்தவன் அதிகாரத்தின் வலப்புறத்தில் அமரும்போது, முகத்தைத் திருப்பிக்கொள்வது மட்டும் போதுமா என்பதே அந்நூல் நம்மிடம் விட்டுச் சென்ற வினா.