பாரசீகக் கோடும் சுக்தாயின் ஓவியமும்

மரபைப் போற்றும் கலைஞன் அதனை வளர்க்கிறானா, அன்றி அதனுள் ஒடுங்கிவிடுகிறானா? மாந்தர் உருவத்தைத் தீட்டும் ஓவியன் எவனும் இவ்வினாவுக்கு விடை கூறியே தீரவேண்டும். லாகூர் ஓவியர் அப்துர் ரகுமான் சுக்தாயின் (1894–1975) படைப்புகள் இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

பாரசீகச் சிற்றோவியத்தில் நிழல் விழுவதில்லை. ஒளி எங்கும் ஒரே தன்மையது. உருவத்தை உருவமாக்குவது கோடு ஒன்றே. 16ஆம் நூற்றாண்டில் ஹுமாயூன் மன்னர் மீர் சையது அலி, அப்துஸ் ஸமத் ஆகிய பாரசீக ஓவியர்களை அழைத்துவந்தபின் இம்மரபு முகலாய அரசவையில் வேரூன்றியது. 17ஆம் நூற்றாண்டில் இஸ்பகான் நகரத்து ரிஸா அப்பாஸி, மெலிந்தும் தடித்தும் ஓடும் கோட்டாலேயே தனி மாந்தரின் தோள் சாய்வையும் ஆடை மடிப்பையும் புலப்படுத்தினார்.

கைவினைஞர் குடியில் தோன்றிய சுக்தாய் இச்செல்வத்தை அப்படியே படியெடுக்கவில்லை. முன்னோர் செறிந்த வண்ணத்தைப் பூசினர். இவரோ வங்க ஓவியர் கையாண்ட முறைப்படி, தாளை நீரில் நனைத்து மெல்லிய வண்ணத்தைப் பலமுறை ஊறவிட்டார். பனிமூட்டம் போன்ற அவ்வண்ணத்தின்மேல் கூரிய பாரசீகக் கோடு சென்றது. இரு மரபுகளும் கலந்து மூன்றாவதொன்று பிறந்தது.

1928இல் வெளிவந்த 'முரக்கா-இ-சுக்தாய்' காலிப்பின் கவிதைகளுக்கு அவர் தீட்டிய ஓவியத் தொகுப்பு; இக்பாலின் முன்னுரை பெற்றது. கஸல் பாடலில் கதை இல்லை, உணர்வே உண்டு. ஆதலின் நிகழ்ச்சியை வரைய இடமில்லை. குனிந்த தலையும் நீண்ட விரலும் பாடலின் பொருளைத் தாங்கவேண்டியவையாயின. உருவத்தைக் கவிதையின் துணையாக அன்றி, அதற்கு நிகராக நிறுத்தியதே சுக்தாயின் வெற்றி.

எனினும் குறையும் உண்டு. மெய்ப்பாடு எட்டு என வகுத்தது தொல்காப்பியம். அவ்வளவு கொண்டு நோக்கின், சுக்தாயின் மாந்தரிடம் ஏக்கமும் அமைதியும் மிகுதி. வெகுளியும் அச்சமும் அரிது. பாதி மூடிய அதே கண்கள் முகந்தோறும் திரும்ப வருகின்றன. ஆடை அழகாக அலைகிறது. அதனுள் உழைத்துக் களைத்த உடல் இருப்பதாகத் தோன்றுவதில்லை. கோட்டின் நயம் வாய்பாடாகும் இடம் இதுவே.

பினாங்கு வாசகர்க்கு ஒப்புநோக்க அருகிலேயே ஒருவர் உண்டு. சீனாவில் பிறந்து இத்தீவில் வாழ்ந்து 2008இல் மறைந்த சுவா தியன் தெங், துணிக்குரிய பாத்திக் மெழுகுமுறையை ஓவியமாக்கி, 1955இல் பினாங்கில் காட்சிக்கு வைத்தார். மெழுகுக் கோடும் நிழலை அறியாதது. ஆனால் அக்கோட்டுக்குள் அவர் நிறுத்தியவர்கள் பிள்ளையை அணைத்த தாயரும் மீனவரும் ஆவர். சுக்தாய்க்கு மரபு குடிவழி வந்தது. தெங்குக்கோ வாழ்ந்த மண் தந்தது. தந்த வழி எதுவாயினும், பெற்ற கோட்டுக்குள் தம் காலத்து மனிதரைக் குடியேற்றுவதே ஓவியர் கடன். சுக்தாய் கோட்டுக்குப் புத்துயிர் அளித்தார். தெருவில் நடக்கும் மனிதனுக்கு அதனுள் போதிய இடம் அளித்தாரில்லை.