பின்னணி எங்கே தொடங்குகிறது?

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் எங்கள் பினாங்கின் டத்தோ கிராமாட் சாலை வழியாகத் தண்ணீர்மலைக்குப் போகும். வழியெல்லாம் உடைந்த தேங்காய் குவிந்து கிடக்கும். இளநீர் வழிந்து சாலை பிசுபிசுக்கும். ஓர் ஆண்டு, தண்ணீர்ப் பந்தலில் நின்ற பெரியவர் ஒருவர் ஓரம் கிழிந்த சிறு புத்தகத்தைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு வேலன் மீது விருத்தம் பாடினார். பினாங்கு என்ற பெயர் பாட்டுக்குள்ளேயே வந்தது. வீட்டுக்கு வந்ததும் என்னிடமிருந்த இலக்கிய வரலாறுகளைப் புரட்டினேன். எல்லாம் ‘வரலாற்றுப் பின்னணி’ என்ற இயலோடுதான் தொடங்கின. கடாரம், பிரான்சிஸ் லைட், ஒப்பந்தக் கூலி, ரப்பர் எல்லாம் இருந்தன. விருத்தத்தைக் காணவில்லை.

இலக்கியத்தைப் பேசுமுன் பின்னணியைச் சொல்லும் இந்த வழக்கத்தை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். அமெரிக்க இலக்கியம் படிப்பவர்களுக்கு நெடுங்காலம் முதல் பாடமே 1620இல் வந்த மேஃபிளவர் கப்பலும் பியூரிட்டன்களின் சமயக் கட்டுப்பாடும்தான். அதற்குக் காரணம் உண்டு. நியூ இங்கிலாந்தில் 1640இல் அச்சான ‘பே சங்கீதப் புத்தகம்’ எபிரேய மொழியிலிருந்து பெயர்த்த வேதப் பாடல்களின் தொகுப்பு. கரடுமுரடான செய்யுள். பின்னணி தெரியாதவருக்கு அது கவித்திறன் போதாதவர்களின் வேலையாகவே படும். மெருகைவிட மூலத்துக்கு உண்மையாக இருப்பதே முக்கியம் என்று அவர்கள் முன்னுரையிலேயே அறிவித்ததும், அந்த நம்பிக்கைக்காகவே கடல் கடந்ததும் தெரிந்தபின், கரடு அவர்களே விரும்பி ஏற்றது என்று புரிகிறது.

நம் பக்கத்திலும் இதே கதைதான். நீரிணைக் குடியேற்றங்களில் அச்சான மிகப் பழைய தமிழ் நூல்களில் ஒன்று, நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’, 1872, சிங்கப்பூர். அதுவும் இறைவேண்டல்தான். “இதில் இலக்கியம் எங்கே?” என்று மாணவர் கேட்பதுண்டு. நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் துறைகளிலிருந்து கப்பலேறியவர்களையும், பினாங்கின் சூலியா தெருவில் அவர்கள் எழுப்பிய நாகூர் தர்காவையும் சொல்லிவிட்டு அந்த நூலைத் திறந்தால் கேள்வியே மாறிவிடும். கடல் நடுவே மனிதனுக்கு எந்தப் பாட்டு தேவைப்பட்டது என்று அவர்களே யோசிக்கத் தொடங்குவார்கள். பின்னணி இயலின் மிகப் பெரிய பலம் இதுதான்.

பழுது, அது தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அமெரிக்கப் பாடநூல்கள் நெடுங்காலம் பியூரிட்டன்களையே தொடக்கமாக வைத்தன. அந்த மண்ணில் அலைந்து திரிந்த கபேசா டி வாக்கா ஸ்பானிய மொழியில் எழுதி 1542இல் வெளியிட்ட பயண நூலும், பூர்வகுடிகளின் வாய்மொழிப் பாடல்களும் பின்னால்தான் உள்ளே வந்தன. யாருடைய கப்பலை முதலில் நிறுத்துகிறோமோ அவர்களுடைய எழுத்தே தொடக்க இலக்கியம் ஆகிவிடுகிறது.

பினாங்கைப் பற்றி எழுதுவோர், பிரான்சிஸ் லைட் தீவைக் கைக்கொண்ட 1786 ஆகஸ்ட் 11ஐ முதலில் நிறுத்துகிறார்கள். டத்தோ கிராமாட்டில் அதற்கு முன்பே மலாய்க்காரர்கள் காடழித்துக் குடியிருந்தார்கள். தமிழர் கதையும் அந்தத் தேதிக்குள் அடங்காது. லைட் 1794இல் எழுதிய கடிதத்தில், தீவில் ஏறத்தாழ 1,000 சூலியாக்கள் (தமிழ் முஸ்லிம்கள்) குடியேறியிருப்பதாகச் சொல்கிறார்; அவர்களில் பெரும்பாலோர் நெடுங்காலம் கெடாவில் வாழ்ந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்றும் குறிப்பிடுகிறார். கடிதத்தின் இந்த ஒரு வரி பின்னணி இயலின் பாதியைத் திருத்தி எழுத வைக்கும். ஊரைப் பிரிந்து வந்து ஏங்குபவனின் எழுத்து என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது. அவர்களில் பலருக்குப் பினாங்கு பக்கத்து வீடு.

கடாரத்தில் தொடங்குவதும் எனக்கு உடன்பாடில்லை. ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பு நமக்குப் பெருமை தரலாம். 1880களில் பினாங்கில் குலாம் காதிறு நாவலர் ‘வித்தியா விசாரிணி’ இதழை ஏன் நடத்தினார் என்பதை அது விளக்காது. எட்டு நூற்றாண்டுகளை ஒரே பத்தியில் தாண்டிப் போகிறவர்கள், அக்கரையில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு 1830களிலிருந்தே தமிழர் கொண்டுவரப்பட்டதைச் சொல்ல இடமில்லாமல் திணறுகிறார்கள்.

தோட்டப் பின்னணியைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்தத் துயரத்தைச் சொல்லாத வரலாறு வரலாறே இல்லை. ஆனால் அதையே ஒற்றை அளவுகோலாகப் பிடித்ததால், பால்மரமும் கங்காணியும் வராத எழுத்து நம் திறனாய்வில் அனாதையாகிவிட்டது. துறைமுகத்து அந்தாதியும் பதிகமும் கும்மியும் ‘சமயப் பாடல்கள் பல தோன்றின’ என்ற ஒற்றை வாக்கியத்தில் முடிந்துபோகின்றன. அதனால்தான் இராம சுப்பையா 1969இல் வெளியிட்ட ‘தமிழ் மலேசியானா’ நூற்பட்டியலை நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். அதில் விளக்கமோ கதையோ இல்லை, தலைப்புகள் மட்டுமே. நாம் கட்டிய கதைக்குள் அடங்காத நூல்கள் அந்தத் தலைப்புகளில்தான் முகம் காட்டுகின்றன.

1887இல் சிங்கப்பூரில் நூல் வெளியிட்ட யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணை சதாசிவ பண்டிதரையே எடுத்துக்கொள்வோம். வண்ணை நகருக்கு ஓர் அந்தாதி, சிங்கை நகருக்கு ஓர் அந்தாதி. அவர் எங்கிருந்து வந்தார் என்பதோடு பின்னணி இயல் நின்றுவிடும். அவர் தேர்ந்த வடிவத்தைப் பாருங்கள். ஒரு பாட்டின் ஈறு அடுத்ததன் தொடக்கமாகி, கடைசிப் பாட்டு முதல் பாட்டையே போய்த் தொடும் யாப்பு அது. இரண்டு ஊர்களுக்கும் அதே வடிவத்தைக் கொடுத்த மனிதருக்கு எது சொந்த ஊர், எது வந்த ஊர் என்று கப்பல் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அந்தப் பாட்டுகளை வரி வரியாகப் படித்துத்தான் சொல்ல வேண்டும்.