மேடையில் யார் பேசினார்கள் என்பது மட்டும் வரலாறு இல்லை

சின்ன ஊர்களின் பொதுமன்றம் பற்றி விழா மலர்களில் வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சு. அடிக்கல் நாட்டியவர், திறந்து வைத்தவர், வந்து பேசிய தலைவர்கள். அவ்வளவுதான். சொல்வது பொய் இல்லை. ஆனா முக்கியமான பாதி விடுபட்டுப் போகுது.

தகவல் நிறையக் கிடைக்கிற ஒரு மன்றத்தை வைத்தே பார்க்கலாம்: சென்னை விக்டோரியா பப்ளிக் ஹால். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார்; சிஷோல்ம் வடிவமைத்தார்; நம்பெருமாள் செட்டி கட்டினார்; விவேகானந்தர் பேசினார். வழக்கமான குறிப்பு இப்படித்தான் போகும்.

அந்தக் கடைசி வரியை மட்டும் கொஞ்சம் கிளறிப் பாருங்க. 1897 ஜனவரி 26 அன்று நம்ம பாம்பனில் வந்து இறங்கிய விவேகானந்தரை பாஸ்கர சேதுபதி வரவேற்றார். பரமக்குடி, மதுரை, கும்பகோணம் வழியாகச் சென்னை போய்ச் சேர்ந்தார். பிப்ரவரி 7 அன்று இந்த ஹாலில் வரவேற்பு. உள்ளே வரவேற்பு மடல் வாசிக்கிறாங்க. இடம் கிடைக்காத பெருங்கூட்டம் வெளியே நின்னு கூப்பாடு போடுது. கடைசியில் அவரே வெளியே வந்து, ஒரு குதிரை வண்டி மேல் ஏறிப் பேசினார். இரைச்சலில் அதிகம் பேச முடியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் ஹாலுக்குள் விரிவாகப் பேசினார்.

பொதுமன்றத்துக்கு வெளியேதான் பொதுஜனம் நின்றது. 'விவேகானந்தர் பேசிய மன்றம்' என்ற ஒற்றை வரி இதை மறைத்துவிடுகிறது.

அடுத்து, காசு. நிலம் நகராட்சியுடையது, கிரவுண்டுக்கு 8 அணா வீதம் 99 ஆண்டுக் குத்தகை. கட்டடம் ராஜாக்கள், பிரமுகர்கள் தந்த நன்கொடையில் எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை, 1891இல் தொடங்கியது, இங்கேதான் நாடகங்கள் போட்டது. குத்தகை முடிந்தபின் அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் இடையே வழக்கு. கட்டடம் பல காலம் பூட்டிக் கிடந்தது. மன்றத்தை வாழ வைத்ததும் முடக்கியதும் பேச்சாளர்கள் இல்லை, பத்திரமும் வாடகையும்தான்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துறேன்னா, கமுதி வட்டத்து அபிராமம் மாதிரி ஒரு பேரூராட்சியில் தலைவர்கள் பட்டியல் சின்னதாத்தான் இருக்கும். அந்தப் பட்டியல்தான் வரலாறுன்னா, எழுத ஒண்ணுமில்லைன்னு கைவிட்டுடுவோம். உண்மையில் எழுத நிறைய இருக்கு. மன்றத்தை யாருக்கு வாடகைக்கு விட்டாங்க, யாருக்கு மறுத்தாங்க? பெண்கள் எங்கே உட்கார்ந்தாங்க? கல்யாண மண்டபங்கள் வந்தபிறகு வருமானம் என்ன ஆச்சு?

பதில்கள் தீர்மானப் புத்தகங்களிலும் ரசீதுகளிலும் நாடக நோட்டீஸ்களிலும் இருக்கு. கல்வெட்டை யாரும் தூக்கிட்டுப் போகப் போறதில்லை, அது இருக்கும். இந்தக் காகிதங்கள்தான் அலமாரி மாற்றும்போது எடைக்குப் போகும். கையில் போன் இருக்கிறவங்க முதல்ல அவற்றைப் படம் எடுத்து வைங்க. விழா மலரை அப்புறம் எழுதலாம்.