நகரும் மூலதனமும் நகராத குரல்களும்: ஃபோர் ரொப்ஸ் குழு பற்றிய ஒரு நோக்கு

வெகுசன இசையை ஆராயப் புகும் விமர்சகரிடையே இருவகை நோக்குகள் காணப்படுகின்றன. சந்தைக்கெனச் செய்யப்பட்டது என்பதனாலேயே அதனை ஒதுக்குவது ஒன்று. ஊரோடு ஒட்டிநின்ற கலைஞரைக் கண்டவிடத்து 'மண்வாசனை' எனப் போற்றி அத்துடன் அமைந்துவிடுவது மற்றையது. இவ்விரண்டும் போதா என்பதை அமெரிக்காவின் டெற்றொயிற் நகரைச் சேர்ந்த ஃபோர் ரொப்ஸ் என்னும் சோல் இசைக் குழுவின் வரலாறு உணர்த்துகின்றது.

லீவை ஸ்ரப்ஸ், அப்துல் ஃபக்கீர், ரெனால்டோ பென்சன், லோறன்ஸ் பேற்றன் ஆகிய நால்வரும் 1950களின் நடுப்பகுதியில் அந்நகரில் ஒன்றுசேர்ந்தனர். தென் மாநிலங்களிலிருந்து மோட்டார்த் தொழிற்சாலைகளை நாடிப் பெருந்தொகையான கறுப்பின மக்கள் வந்து குடியேறிய நகரம் அது. ஃபக்கீரின் தந்தையார் இன்றைய வங்காளதேசப் பகுதியிற் பிறந்து, அங்கு சென்று தொழிலாளியாக உழைத்தவர். தொழிற்சாலையும் கறுப்பினத் தேவாலயமுமே இவ்விசையின் இரு ஊற்றுக்கள் எனலாம்.

1963இல் இவர்கள் மோட்டவுண் கம்பனியிற் சேர்ந்தனர். 1959இல் அதனை நிறுவிய பெரி கோடி முன்னர் மோட்டார்த் தொழிற்சாலையிற் பணியாற்றியவர்; அங்கு கண்ட உற்பத்தி முறையையே இசைக்கும் முன்மாதிரியாகக் கொண்டவர். பாட்டியற்றுவோர், வாத்தியக்காரர், பாடுவோர் என வேலை பிரிக்கப்பட்டது. உருவான பாடல்கள் தரப் பரிசோதனைக்கும் உட்படுத்தப்பட்டன. ஃபங்க் பிறதர்ஸ் எனப்பட்ட வாத்தியக்காரரின் பெயர்களோ, அண்டான்ரெஸ் என்ற மூன்று பின்னணிப் பாடகியரின் பெயர்களோ இசைத்தட்டு உறைகளில் இடம்பெறவில்லை. உழைப்பு மறைந்து பண்டம் மாத்திரம் தோன்றும் நிலை இதுவே.

எனினும் பண்டத்துள் மனிதக் குரல் முற்றாக அடங்கிவிடுவதில்லை. ஸ்ரப்ஸின் கனத்த குரல் எட்டக்கூடிய மேல் எல்லையிலேயே பாடல்கள் அமைக்கப்பட்டன. 1966இல் வெளிவந்த 'றீச் அவுட் ஐல் பி தெயர்' பாடலில் அவர் பாடுகிறாரா, கூவி அழைக்கிறாரா எனப் பிரித்தறிவது அரிது. காதற் பாடலின் வடிவத்துள் ஒரு சமூகத்தின் நெருக்குதல் இவ்வாறு ஒலிக்கின்றது. உள்ளடக்கத்தை மட்டும் தேடும் விமர்சனத்துக்கு இது புலப்படாது.

1967 யூலையில் டெற்றொயிற்றில் வெடித்த கிளர்ச்சியில் 43 பேர் மாண்டனர். மறு ஆண்டு டொட்ஜ் தொழிற்சாலையின் கறுப்பினத் தொழிலாளர் தமக்கெனப் புரட்சிகரச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1972இல் மோட்டவுண் லொஸ் ஏஞ்ஜல்ஸுக்குப் பெயர்ந்தது. இலாபம் காட்டும் திசையிற் செல்வது மூலதனத்தின் இயல்பு. ஃபோர் ரொப்ஸ் கம்பனியுடன் செல்லவில்லை. அவர்கள் தமது நகரிலேயே தங்கினர். ஆயினும் அவர்கள் அடுத்து ஒப்பந்தம் செய்துகொண்ட கம்பனியும் லொஸ் ஏஞ்ஜல்ஸையே தளமாகக் கொண்டது என்பதையும் மறத்தலாகாது. ஊரில் வாழும் உரிமை அவர்களிடம் இருந்தது. உற்பத்திச் சாதனம் இருக்கவில்லை.

இவர்களது கூட்டுணர்வு தனித்துக் குறிப்பிடத்தக்கது. 1967இல் சுப்ரீம்ஸ் குழுவின் பெயருக்கு முன் டயானா றொஸின் பெயர் சேர்க்கப்பட்டது. ஸ்ரப்ஸோ அத்தகைய முதன்மையை ஏற்க மறுத்தார். 1997இல் பேற்றன் மறையும் வரை, நாற்பதாண்டுகளுக்கு மேலாக நால்வரும் பிரியவில்லை. நட்சத்திர வழிபாட்டை வளர்க்கும் தொழிற்றுறையில் இது ஓர் எதிர்நிலையே.

ஆனால் ஊர்ப்பற்றும் தோழமையும் தாமாகவே அரசியல் உணர்வாக மாறிவிடுவதில்லை. 1969இல் பேர்க்லி நகரில் இளைஞர்மீது பொலிசார் நடத்திய தாக்குதலைக் கண்ட பென்சன், 'வட்ஸ் கோயிங் ஒன்' பாடலுக்கு வித்திட்டார். அது எதிர்ப்புப் பாடல் எனக் கூறி அவரது குழுவினரே அதனைப் பாட மறுத்தனர். மாவின் கே அதனை ஏற்று விரித்துப் பாடினார். கோடியின் தயக்கத்தையும் மீறி அது 1971இல் வெளிவந்தது. அப்பெயரிலான தொகுப்பிலேதான் மோட்டவுண் வாத்தியக்காரரின் பெயர்கள் முதன்முதலாக அச்சேறின. ஒருவர் கண்ட உண்மையைச் சொல்லத் துணிந்த பாடலுடன், உழைத்தோரின் பெயர்களும் வெளிச்சத்துக்கு வந்தமை பொருள்பொதிந்த ஒன்றாகும்.

பென்சன் 2005இலும், ஸ்ரப்ஸ் 2008இலும், இறுதியாக ஃபக்கீர் 2024இலும் காலமாயினர். டெற்றொயிற் நகராட்சியோ 2013இல் வங்குரோத்தை அறிவித்திருந்தது. மூலதனம் கைவிட்ட நகரைக் கைவிடாத கலைஞர் என்ற வகையில் இவர்கள் எமது மதிப்புக்குரியவர்கள். அம்மதிப்பு, அவர்கள் பாட மறுத்த பாடலை மறைப்பதாக அமைதல் கூடாது. கலைஞன் எங்கு நின்றான் என்று கேட்பதுடன், அங்கு நின்று எதனைச் சொன்னான், எதனைச் சொல்லாது விட்டான் என்று கேட்பதும் முற்போக்கு விமர்சனத்தின் கடமையாகும்.