அரை நிமிஷ அடையாறு

கோட்டூர்புரம் ஸ்டேஷனை விட்டு ரயில் கிளம்பியதும் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். பக்கத்தில் யார் இருந்தாலும் சரி, என்ன கதை ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. இதோ, அடையாறு வரப்போகிறது. வந்தேவிட்டது! கீழே அகலமாகத் தண்ணீர். இடப்பக்கம், மேற்கே, சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆற்றின் மேல் துலக்கி வைத்த செப்புத் தட்டு மாதிரி ஒரு வெளிச்சம். தண்ணீரில் நட்டிருக்கும் கம்பின் மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து ஈரம் காயவைக்கிறது. அதற்குள் பாலம் முடிந்து பசுமை வழிச்சாலை ஸ்டேஷன் வந்துவிடுகிறது. மொத்தமே அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துக்காகவே ஆபீஸிலிருந்து ஓடிவருகிறேன் என்று சொன்னால் நம்புங்கள், சத்தியமான வார்த்தை.

சென்னையின் பறக்கும் ரயிலைத்தான் சொல்கிறேன். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓட ஆரம்பித்து, 1997-ல் எங்கள் மயிலாப்பூருக்கு வந்தது. அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. வேடிக்கை காட்டவென்றே அப்பா கூட்டிப்போனார். வீடுகளின் மொட்டை மாடிக்கு மேலே ரயில் போகிறது என்பதை நம்பவே முடியாமல் ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு வந்தேன். 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி என்று அது நீண்டுகொண்டே போனது. நானும் வளர்ந்து, தரமணியில் வேலைக்குச் சேர்ந்து, ஸ்கூட்டர் வாங்கி, ரயிலைச் சுத்தமாக மறந்துபோனேன்.

மறுபடி ஏறவைத்தது ஸ்கூட்டர்தான். போன வருஷம் ஒரு சாயங்காலம் மத்திய கைலாஷ் சிக்னலில் அது மூச்சை விட்டுவிட்டது. பின்னால் ஹாரன் சத்தம், வீட்டில் பிள்ளைக்கு மறுநாள் பரீட்சை, மாமியாருக்கு மாத்திரை வாங்க வேண்டும், போனில் மேனேஜர். வண்டியை ஓரமாகத் தள்ளி மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டு நிமிர்ந்தால், பக்கத்திலேயே கஸ்தூர்பா நகர் ஸ்டேஷன். படியேறினேன். ஒவ்வொரு படிக்கும் ஹாரன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தங்கிவிட்டது. பிளாட்பாரத்தில் நல்ல காற்று. உத்தரத்தில் புறாக்களின் குனுகல். சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து நான் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஸ்கூட்டர் சரியாகி வந்தது. நான் ரயிலில்தான் போனேன். இன்றுவரை ரயில்தான்.

தரமணியிலிருந்து எங்கள் மயிலாப்பூர் ஸ்டேஷனான திருமயிலைக்கு ஏறத்தாழ கால் மணி நேரம். டிக்கெட் ஐந்து ரூபாய். ஐந்து ரூபாய்க்கு இந்த ஊரில் அரை டம்ளர் டீகூடக் கிடைக்காது, எனக்குக் கால் மணி நேரம் நிம்மதி கிடைக்கிறது! வண்டி ஓட்டும்போது கண் ரோட்டில், கை பிரேக்கில், மனசு முன்னால் போகும் தண்ணி லாரியில். ரயிலில் இது எதுவும் என் பொறுப்பில்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து வீட்டையும் ஆபீஸையும் நான் தூக்கிச் சுமக்கிறேன். இந்தக் கால் மணி நேரம் மட்டும் ஒன்று என்னைச் சுமந்துகொண்டு போகிறது. அம்மா இடுப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற குழந்தை மாதிரி போகிறேன்.

அந்த வேடிக்கையைத்தான் என்னவென்று சொல்வேன்! தென்னை மரத்தின் கொண்டையை நீங்கள் எப்போதாவது நேருக்கு நேர் பார்த்திருக்கிறீர்களா? கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பது வேறு. ரயிலில் அது உங்கள் கண் மட்டத்தில் வந்து நிற்கும். பாளை வெடித்து மஞ்சளாகப் பூ தொங்கும், குரும்பைகளுக்கு நடுவே அணில் ஓடும். மந்தைவெளியை நெருங்கினால் மொட்டை மாடிகள். ஒரு மாடியில் வெள்ளை வேட்டியில் வடாம் காய்கிறது, காக்கா வராமலிருக்க நான்கு மூலையிலும் சிவப்பு மிளகாய். இன்னொரு மாடியில் ஒரு பெரியவர் பெயிண்ட் டப்பாவில் வளர்க்கும் துளசிக்குச் சொம்பில் தண்ணீர் விடுகிறார். ஒரு நாள் அவரைக் காணோம் என்றால் எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கீழே பக்கிங்காம் கால்வாய். மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிற இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இப்போது அப்படி முடிவதில்லை. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தத் துண்டை வெட்டியது 1877-78-ல், தாது வருஷப் பஞ்சத்தின்போது. நிவாரண வேலையாக, கூலிக்கு, பசித்தவர்கள் வெட்டிய வழி. அதன் மேல்தான் எங்கள் ரயில் தூண் ஊன்றி நிற்கிறது. யாரோ வயிற்றுப்பாட்டுக்காகத் தோண்டிய வழியில் நான் இளைப்பாறிக்கொண்டு போகிறேன். அதை நினைத்தாலே கை கூப்பத் தோன்றும்.

பெண்கள் பெட்டியில் எனக்கு ஒரு அக்கா உண்டு. மடியில் மல்லிகை உதிரியைக் கொட்டிக்கொண்டு கட்டியபடியே வருவார். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, வாழைநாரை ஒரு சுற்று, ஒரு இழுப்பு. விரல் போகிற வேகத்தில் முடிச்சு விழுவதே கண்ணுக்குத் தெரியாது. ரயில் குலுங்கினாலும் ஒரு பூ தவறாது. ஆரம்பத்தில் நான் போனைப் பார்த்துக்கொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள், "ஏம்மா, வெளிய ஆறு போவுது பாரு. அந்தப் பெட்டியிலயா ஆறு தெரியுது?" என்றார். போனைப் பைக்குள் போட்டேன். அன்றுதான் அந்த நீர்க்காகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். அதன் பிறகு திருமயிலை வரும்வரை போனை வெளியே எடுப்பதே இல்லை. கால் மணி நேரத்தில் உலகம் ஒன்றும் முழுகிவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் எதிர்ப்பக்கம் போய்ப்பாருங்கள். பெருங்குடி தாண்டி வேளச்சேரி நோக்கிப் போகையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரம் வரும். உலகின் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த இடம். குளிர்காலத்தில் கூழைக்கடா, பூநாரை எல்லாம் வரும். என் பிள்ளையை ஒரு முறை கூட்டிப்போனேன். வாயே ஓயாத பிள்ளை, ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு பேசாமல் வந்தான். 1997-ல் நான் இருந்தது போலவே இருந்தான்.

உங்கள் ஊரில் பறக்கும் ரயில் இல்லாமலிருக்கலாம். டவுன் பஸ்ஸின் ஜன்னல் சீட் இருக்கும், ஆற்றைத் தாண்டும் படகு இருக்கும், பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் நடை இருக்கும். நிம்மதிக்கென்று தனியாக லீவு போட வேண்டாம், தினம் போய்வரும் வழியிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு நாள் கையையும் கண்ணையும் சும்மா விட்டுப் பாருங்கள்!

இப்போதெல்லாம் வீட்டுக்குள் நுழைந்தவுடன் மாமியார் என் முகத்தைப் பார்த்தே கேட்கிறார், "இன்னிக்கு ஆத்துல தண்ணி நெறையப் போச்சா?" சமையலறை மேடையில் சாய்ந்து நின்று முதலில் அதைத்தான் சொல்கிறேன். எவ்வளவு தண்ணீர், என்ன நிறம், நீர்க்காகம் வந்திருந்ததா என்று. அவர் காபி ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.